இடது பக்கச் சன்னல்

என் வீட்டுக்காரரைக் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவரிடம் காரில் கூட்டிப்போகும் வேலை போன வருடம்தான் என் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் எங்கே போனாலும் அவர் ஓட்டுவார், நான் இடது பக்கம் உட்கார்ந்து உள்ளுக்குள் பொருமிக்கொண்டு வருவேன். என்னிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அது காய்கறி வாங்கப் பாசாருக்கும் கோயிலுக்கும் நான் வேலை பார்த்த பாலர் பள்ளிக்கும் போய்வரத்தான். பட்டணத்துக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏற வேண்டும் என்றால் சாவி அவர் கைக்குப் போய்விடும். பாட்டன் போட்ட ரோடு மாதிரி ஓட்டுகிறீர்களே என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். அவருடைய பாட்டன் உண்மையிலேயே ரோடு போடும் வேலையில் இருந்தவர் என்பது எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சிரிப்பு.

அவர் ஓட்டுவதற்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தார். வலது தடம் அவருடையது. முந்துவதற்கு மட்டும் அதில் போய்விட்டு இடது பக்கம் திரும்பி வர வேண்டும் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. சிக்னல் போடமாட்டார். "சிக்னல் போட்டா நம்ம எங்க போறோம்னு அடுத்தவனுக்குத் தெரிஞ்சிடும். உடனே வந்து அடைச்சிடுவான்" என்பார். ஏதோ எதிரி நாட்டுக்குள் படை நடத்துகிறவர் பேச்சு. சிக்னல் போட்டால் கரன்ட் பில்லா ஏறப்போகிறது என்று நான் கேட்பேன், அது அவர் காதில் விழாது. யாருக்கும் வழிவிடவும் மாட்டார். பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டினால் போதும், முன்னால் போகும் லோரியின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு நிற்பார். "ஒருத்தனுக்கு விட்டா பின்னாலயே ஒம்பது பேரு வருவான் லா." வரட்டுமே, அவர்களும் வீட்டுக்குத்தானே போகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். சொன்னால் சண்டை வரும் என்று சும்மா இருப்பேன். பாதி நாள் சொல்லிவிட்டுச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

யாருக்கும் வழிவிடாதது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் யாரிடமும் வழி கேட்கவும் மாட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரோடு ஜேமில் இடது தடத்துக்கு மாற வேண்டும், யாரும் விடவில்லை என்றால், இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் சன்னல் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க மெல்ல ஆட்டுவார். சிக்னல் விளக்கைப் பார்த்து அசையாதவன்கூட ஒரு மனுசக் கையைப் பார்த்தால் பிரேக்கில் காலை வைத்துவிடுவான். மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாராக இருந்தாலும் அந்தக் கை புரியும். ஒருமுறை பெட்டாலிங் ஜெயா பக்கத்தில் நான் அப்படி நீட்டப் போனேன்.

"கைய உள்ள எடு. பிச்சை கேக்குற மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் வந்ததை அவர் கவனித்தாரா என்பதுகூடச் சந்தேகம்தான்.

பிறகு கண் கோளாறு வந்தது. அது கண் கோளாறு என்று எங்களுக்கு முதலில் தெரியாது. வீட்டு கேட் தூணில் கார் உரசி இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. தூணைக் கட்டியவனைத் திட்டினார். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் கிள்ளான் பாலத்தில் ஏறும்போது திடீரென்று இடது பக்கம் ஒடித்தார். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வந்துகொண்டிருந்தார். நான் கத்திய கத்தலில் வண்டியை வலது பக்கம் இழுத்துவிட்டார். அந்த மனிதர் தடுமாறி, இரண்டு காலையும் ஊன்றி, எப்படியோ விழாமல் நின்றுகொண்டார். கடவுள் புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்கிருந்தோ வந்தான் பாரு" என்றார் இவர்.

எங்கிருந்தும் வரவில்லை. வெகுநேரமாக என் சன்னலை ஒட்டித்தான் அந்த மனிதர் வந்துகொண்டிருந்தார். கைப்பிடியில் தொங்கிய சாப்பாட்டுப் பையைக்கூட நான் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரி படுக்கையில் அந்தப் பைதான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த வாரமே இவரைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன், கொம்யூட்டர் ரயிலில். மருத்துவர் அம்மா பொறுமையாக விளக்கினார். இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடி, நரம்பு கெட்டு, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். நேரே இருப்பது பளிச்சென்று தெரிவதால் ஆளுக்கே இது புரியாதாம். இடது ஓரம் ஏறக்குறைய போய்விட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். அடுத்த பார்வைப் பரிசோதனை வரைக்கும் காரைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

இவ்வளவு சொன்னதில் இவர் காதில் விழுந்தது 'வரைக்கும்' என்ற ஒரு வார்த்தை. "அப்ப அடுத்த டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டா ஓட்டலாம், சரிதானே டாக்டர்?"

"பாப்போம் அங்கிள்" என்றார் மருத்துவர். அதை இவர் சத்திய வாக்காக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பரிசோதனை எப்படி என்றால், ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும் இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் மினுக்கும். தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் மனசில் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே சொன்னார்.

"இது ஒரு பெரிய விஷயமே இல்ல. தெரிஞ்சாலும் தெரியாட்டியும் டிக்கு டிக்குனு அமுக்கிக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

"கண்ணுக்கு டெஸ்டா, கட்டை விரலுக்கு டெஸ்டா?" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த மனிதர் நினைத்ததை முடிக்கிறவர். மெஷினை ஏமாற்ற முடியுமா முடியாதா என்பது எனக்குத் தெரியாது. ஏமாற்றிவிட்டால் அன்று சாயங்காலமே சாவியைக் கேட்பார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அப்புறம் இன்னொரு நாள் இன்னொரு சாப்பாட்டுப் பை அவருடைய இடது பக்கத்தில் வரும். பரிசோதனைத் தேதி நெருங்க நெருங்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

இதற்கிடையில் நான் ஓட்டப் பழகிக்கொண்டேன். ரயிலில் நிற்க அவருக்கு முழங்கால் வலி, அதனால் மருந்துக்கும் சோதனைக்கும் காரில்தான் போனோம். முதல் இரண்டு முறை ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேர்த்து வழுக்கியது. அப்புறம் பாருங்கள், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. காலையில் பாதுகாப்பாக இடது தடத்தில் ஏறி, முன்னால் போகிற காருக்கும் எனக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு, முந்த வேண்டுமானால் சிக்னல் போட்டு முந்தி, திரும்பவும் இடது பக்கம் வந்துவிடுவேன். யாராவது நுழைய வேண்டும் என்றால் "போப்பா, போ" என்று விட்டுவிடுவேன். பாலர் பள்ளியில் நான்கு வயசுப் பிள்ளைகளைக் கைகழுவ வரிசையில் நிற்கவைத்தவள் நான். இடிக்காமல் நின்றால் எல்லாருக்கும் சீக்கிரம் சோறு கிடைக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். வழிவிட்டதும் முன்னால் போகிறவர் இரண்டு பக்க விளக்கையும் ஒரு தடவை மினுக்கி நன்றி சொல்வாரே, அதில் எனக்கு ஒரு சந்தோஷம். அன்றைக்கு முழுக்க மனசு நன்றாக இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சாவியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

இடது பக்க இருக்கைக்கு வந்துவிட்ட அவருக்கோ வாய் ஓயாது. "அம்மா தாயே, என்ன அன்னதானமா பண்ற? வரவன் போறவனுக்கெல்லாம் வழி விட்டுக்கிட்டே வர."

"பாதிப் புண்ணியம் உங்களுக்கும் வரும். பேசாம வாங்க."

"வலது பக்கம் போ லா. இந்த லோரி பின்னால போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

லோரிக்குப் பின்னால் போயும் நாங்கள் அன்றன்றைக்கே போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தோம்.

பரிசோதனை நாள் வந்தது. கொஞ்சம் முன்னதாகவே கிளம்பியும் ஷா ஆலாம் பக்கத்தில் நல்ல ஜேம். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேர்வுக்குப் போகிற பிள்ளை மாதிரி மணியைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். "எறங்கு, எறங்கு, உள் ரோட்டுல போயி அந்தப் பக்கம் திரும்ப ஏறிக்கலாம். எனக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் வழி தெரியும்" என்றார். நானும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினேன். தொழிற்சாலைகளை ஒட்டி ஒரு உள் ரோடு. அது காலியாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

திரும்ப நெடுஞ்சாலையில் ஏறும் இடம் வந்தது. "மொத லெஃப்ட் எடு" என்றார். எனக்கு அந்தப் பாதையின் வாய் கொஞ்சம் குறுகலாகத் தெரிந்தது. தயங்கினேன். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. "மொத லெஃப்ட்தான், எடு லா, எத்தனை வருஷம் வந்திருக்கேன்" என்று அவர் அதட்டினார். எடுத்தேன்.

எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு நெருங்கி வந்தது. எனக்கு வலது பக்கத்தில், தடுப்புக்கு அந்தப் புறம், நெடுஞ்சாலையில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. நான் இருந்த பாதை ஒரு காரின் அகலத்துக்குக் கொஞ்சம்தான் கூட. முன்னால் தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனியாக விட்டிருக்கும் பாதைக்குள் நான் காரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறேன்.

எனக்கு உயிரே போய்விட்டது. வண்டியை நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டுன?" என்றார் அவர்.

"இது மோட்டார் போற பாதைங்க. நொழையிற எடத்துல போர்டு வச்சிருக்காங்களே, நீங்க பாக்கலையா?"

"எந்த போர்டு?"

எந்த போர்டா? வாய்க்கு இடது பக்கம், அவருடைய சன்னலை ஒட்டி, ஆள் உயரத்துக்கு நீல நிறத்தில் மோட்டார் சைக்கிள் படம் போட்ட பலகை. நானே தாண்டும்போதுதான் அதைப் பார்த்தேன், அதற்குள் காரின் மூக்கு உள்ளே போய்விட்டது.

பின்னால் மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்துகொண்டே போயின. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். இப்போது ஆளாளுக்குத் திட்டப்போகிறார்கள் என்று காதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். அவர்களில் முன்னால் நின்ற ஒரு மலாய்க்காரர், இங்கே மோட்டார் ஓட்டுகிறவர்கள் செய்கிறபடி காற்றுக்குச் சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்தவர், வண்டியை நிறுத்திவிட்டு என் சன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆன்டி, சாலா மாசோக்கா?" என்றார். தப்பாக நுழைந்துவிட்டீர்களா என்று அவர் கேட்டதற்கு தலையை ஆட்டினேன்.

அவர் பின்னால் பார்த்துக் கையைத் தூக்கினார். அத்தனை பேரும் காலால் தள்ளிக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்கள். ஒருவர் உள் ரோட்டின் நடுவில் போய் நின்று வருகிற வண்டிகளை மறித்தார். சட்டைக்காரர் என் பின்பக்க விளக்குக்குப் பக்கத்தில் நடந்தபடியே, "பெலான்-பெலான், ஆன்டி" என்று மெல்ல மெல்ல வரச்சொல்லிக் கையைக் காட்டினார். அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தேன். காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. வெளியே வந்ததும் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு ஹாரன் இல்லை, ஒரு முறைப்பு இல்லை. ஒரு பெண் போகிற போக்கில் கட்டை விரலைக்கூடத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். அவர்களுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

காரை ஓரமாக நிறுத்தினேன். நான் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கினார். அந்தப் பலகைக்குப் போனார். நேரே நின்று பார்த்தார். பிறகு முகத்தை வலது பக்கம் திருப்பி ரோட்டைப் பார்த்தார், திரும்பவும் பலகையைப் பார்த்தார். அப்படி இரண்டு மூன்று தடவை. அது எப்போது இருக்கிறது, எப்போது இல்லாமல் போகிறது என்று சோதித்துப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அது அவருக்குப் பிடிக்காது என்று உட்கார்ந்தே இருந்தேன்.

திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் அடுத்த இடது பக்கத்தில், சரியான வாயில், நெடுஞ்சாலையில் ஏறினேன். சுபாங் தாண்டியதும் முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கிப் பாலத்துல வந்தவன்… எங்கிருந்தும் வரல போல. அங்கதான் இருந்திருக்கான்."

"ம்" என்றேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பரிசோதனை அறைக்குள் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கூட இருந்த பெண் பணியாளர், "அங்கிள் ரொம்பக் கவனமா செஞ்சாரு ஆன்டி, ரிசல்ட் சுத்தமா இருக்கு" என்றாள். நான் அவரைப் பார்த்தேன்.

"தெரிஞ்சப்ப மட்டும்தான் அமுக்குனேன்" என்றார்.

மருத்துவர் இரண்டு பரிசோதனைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது ஓரம் கறுப்பாகவே இருந்தது. ஆனால் போன தடவைக்கு இந்தத் தடவை அது பெருகவில்லை, மருந்து வேலை செய்கிறது என்றார். இனிமேல் கார் ஓட்டுவது வேண்டாம் என்று அவர் சொல்ல வாயெடுத்தபோதே இவர் முந்திக்கொண்டார். "எனக்கு டிரைவர் இருக்காங்க டாக்டர்."

நான் குனிந்து கைப்பையில் எதையோ தேடினேன்.

வெளியே வந்து வாழையிலைச் சோறு சாப்பிடலாம் என்று நடந்தோம். எந்தக் கடை என்று பேசிக்கொண்டு நடைபாதையில் நின்றபோது, பார்வையில்லாதவர்களுக்காகப் பதித்திருக்கும் மஞ்சள் கற்கள் மேல்தான் இவர் நின்றிருந்தார். இடது பக்கமிருந்து ஒருவர் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். கோல் செருப்பில் பட்ட பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. "சோரி அண்ணே" என்று சட்டென்று விலகி நின்று, அவர் மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டிரைவருக்கு என்ன வேணும்?" என்றார்.

"மீன் பொரியல். பெரிய துண்டு."

இரண்டு பேரும் நன்றாகவே சாப்பிட்டோம். அவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் சாப்பாடு ருசித்தது. அவருக்காக வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயம் போய்விட்டிருந்தது, அதுவே எனக்குப் போதும்.

வீடு திரும்பும்போது சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்குள் காலையில் பார்த்த சட்டைக்காரர் இருப்பாரோ என்று நான் பார்த்துக்கொண்டே வந்ததில், கிள்ளானுக்குள் இறங்க இடது பக்கம் மாற வேண்டிய இடம் நெருங்கிவிட்டது. இடது தடத்தில் வரிசை நகரவே இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது. சிக்னலைப் போட்டேன். ஒரு கார் விடவில்லை. அடுத்ததும் விடவில்லை. எனக்குப் பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"போச்சு, இன்னைக்கு போர்ட் கிள்ளான் வரைக்கும் போய்த்தான் திரும்பணும்" என்றேன்.

சன்னல் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. மழைச் சாரல் என் முகம்வரை அடித்தது. திரும்பிப் பார்த்தேன். முழங்கைவரை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, கையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. இது பிச்சை இல்லையா என்று கேட்க எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவர் முகம் நேரே, முன்னால் போகிற காரைப் பார்த்தபடி இருந்தது. கை இருக்கும் பக்கம் அவருக்குத் தெரியாது.

"ஏம்மா, யாராச்சும் விட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு லோரி வேகத்தைக் குறைத்து, முன்விளக்கை ஒரு தடவை மினுக்கிவிட்டு நின்றது.

"விட்டுட்டாரு. கைய உள்ள எடுங்க, நனையுது."

அவர் எடுக்கவில்லை. நான் மெல்ல இடது பக்கம் மாறி வரிசைக்குள் வந்து சேரும்வரை பொறுத்திருந்தார். பிறகு தனக்குத் தெரியாத அந்தப் பக்கத்துக்கு, நனைந்த கையை நன்றாக உயரத் தூக்கிக் காட்டினார்.